கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு

கிம்மாசைத் தாண்டியதும் ரயில் நெகிரி செம்பிலானை விட்டு ஜொகூருக்குள் நுழைகிறது. இரு பக்கமும் செம்பனை. நடுநடுவே வெட்டாமல் மிச்சம் வைத்த ரப்பர் காடு, மரங்களுக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஒரு கோயில் கோபுரம், தகரக் கூரைகள், மறுபடியும் செம்பனை. 2025 மார்ச் முதல் இடிஎஸ் மின்ரயில் சிகாமட்டுக்கு வருகிறது. அதற்கு முன்பு மின்ரயிலுக்கு எல்லை கிம்மாஸ்தான். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் அங்கே இறங்கி டீசல் வண்டிக்கு மாறி வந்தார்கள். இப்போது சன்னலோரம் சாய்ந்து கண்ணயர்வதற்குள் ஊர் வந்துவிடுகிறது.

நான் சிகாமட்டுக்குப் போனது தண்ணீர் வந்துபோன தடத்தைப் பார்ப்பதற்கு. பருவநிலை மாற்றம் கொண்டுவரப்போகும் நாளையைத் திறந்தவெளியில் நிறுத்திக் காட்டும் கலைப்படைப்புகளைப் பற்றிச் சில காலமாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். பாரிஸ் சதுக்கத்தில் கரைந்த பனிப்பாளம், நியூயார்க் தெருவில் போட்ட சுண்ணக் கோடு, ஸ்காட்லாந்துத் தீவொன்றின் சுவரில் எரியும் விளக்குக் கோடு. ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் ஒரே கேள்விதான் எழும்: இதை நம் ஊரில் வைப்பதென்றால் எங்கே வைப்பது? கோலாலம்பூரையோ சிங்கப்பூரையோ நான் நினைக்கவில்லை. ஒரு கடைத்தெரு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, சுற்றிலும் தோட்டம் என்றிருக்கும் உள்நாட்டுப் பட்டணங்களை நினைத்தேன். அங்கே கடல் இல்லை, பனியை யாரும் பார்த்ததும் இல்லை. இருந்தும் தண்ணீர் வருகிறது. அப்படி மறுபடி மறுபடி தண்ணீர் வந்த ஊர்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது சிகாமட்.

சிகாமட் ஆறு ஊரை ஒட்டியே ஓடுகிறது. வெயில் நாளில் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் கலங்கிய பழுப்பு நீர் அவசரமில்லாமல் போகிறது. கரையெல்லாம் புல். இதுவா இத்தனை கூரைகளைத் தொட்டது என்று நம்ப முடியாது. எண்கள் எழுதிய அளவுப் பலகையைப் பார்த்தால்தான் ஆறு எவ்வளவு உயரம் ஏறக்கூடியது என்பது கொஞ்சம் உறைக்கிறது. மலேசியாவின் வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்று மட்டத்தை நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது: வழக்கம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம். இணையத்தில் இந்த நிலைகளுக்கு நிறமும் உண்டு. மழைக்காலத்தில் சிகாமட்டில் எல்லார் கைப்பேசியிலும் அந்தப் பக்கம் திறந்தே இருக்குமாம்.

ஊர் ஏன் மூழ்குகிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வடக்கே, பூலோ காசாப் வரைக்கும் போக வேண்டும். அங்கே மூவார் ஆறு போகிறது. நெகிரி செம்பிலானில் பிறந்து, சுற்றி வளைத்து, மூவார் பட்டணத்தருகே மலாக்கா நீரிணையில் சேரும் பெரிய ஆறு அது. சிகாமட் ஆறு போய்க் கலப்பது இதில்தான். மழை இரண்டு ஆற்றுப் படுகையிலும் ஒரே சமயத்தில் கொட்டும்போது மூவார் ஆறு விளிம்புவரை நிரம்பி நிற்கும். சிகாமட் ஆற்றுக்கு இறங்க இடம் இருக்காது. போக்கு மந்தமாகி, நீர் பின்னுக்குத் தேங்கி, தாழ்வான தெருக்களுக்குள் ஏறும். காடு தோட்டமாகவும் தோட்டம் தாமான் என்ற குடியிருப்பாகவும் மாறிய நிலத்தில் மழைநீர் ஊறுவதற்குப் பதில் ஓடத் தொடங்கியதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2006 டிசம்பர் மத்தியில் முதல் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்து, சேற்றை வாரிக் கொட்டி, மெத்தைகளைத் தெருவில் போட்டுக் காயவைத்து முடிப்பதற்குள் 2007 ஜனவரி மத்தியில் இரண்டாவது வெள்ளம். ஜொகூர் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். 18 பேர் இறந்தார்கள். சிகாமட்டும் கோத்தா திங்கியும் அதிகம் அடிபட்ட ஊர்கள். பிறகு 2011. ஜனவரி கடைசியில் பெய்த மழை சிகாமட்டை மறுபடியும் மூழ்கடித்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 3 சீனப் புத்தாண்டு. பெருநாளுக்கு ஊருக்கு வரவேண்டியவர்கள் பாதி வழியில் நின்றார்கள், ஊரில் இருந்தவர்கள் துயர் துடைப்பு மையங்களில் இருந்தார்கள். அடுத்தது 2023 மார்ச். வடகிழக்குப் பருவமழை ஓயவேண்டிய நேரத்தில், ஜொகூரில் 40,000க்கும் மேற்பட்டோரை அது வெளியேற்றியது.

எனக்கு அதிகம் கவலை தருவது அந்த மார்ச் வெள்ளம்தான். டிசம்பரில் வந்தால் மக்கள் தயாராக இருப்பார்கள். டிசம்பருக்கென்று ஒரு பயமும் ஒரு பழக்கமும் இருக்கிறது. மார்ச் மாதத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை. முன்னால் அஞ்சடி நடைபாதை, உள்ளே பருப்பு மூட்டைகள், மேலே தொங்கும் ஊதுவத்திக் கட்டுகள், கல்லாவுக்குப் பின்னால் சாமி படங்கள். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். அவர் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய் ஒரு கதவு நிலையைக் காட்டினார். சுவர் முழுக்க வெளிர் நீலச் சாயம். அந்த நிலை மட்டும் சாயம் படாத பழைய மரம். அதில் நீலப் பேனாவால் போட்ட மூன்று கோடுகள். ஒன்றில் ‘12/06’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கிட்டத்திலேயே ‘சீனப் பெருநா 2011’. இரண்டும் என் நெஞ்சு உயரத்தில் இருந்தன. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ‘3/23’. மேலிருந்த கோடுகளின் மை மங்கி, மரத்தின் ரேகையோடு கலந்துபோயிருந்தது. கீழ்க்கோடு மட்டும் இன்னும் பளிச்சென்று இருந்தது. நிலையின் அடிப்பகுதியில் மரம் உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து, விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போனது.

“எல்லாரும் சாயம் அடிச்சு அழிச்சிட்டாங்க தம்பி,” என்றார். “தீபாவளி வந்தா அடிக்கத்தானே வேணும்? சுவத்துல அந்தக் கறையப் பாத்துக்கிட்டே எப்படி இருக்கிறது? நானும் அடிச்சேன். இந்த நிலையில மட்டும் அடிக்க மனசு வரல.”

“ஏன் அண்ணே?”

“சாமான் எறக்க வர்ற பையன்கிட்ட, இது வரைக்கும் தண்ணி வந்துச்சுடான்னு சொன்னா சிரிப்பான். இங்க கூட்டிட்டு வந்து, நில்லுடா பக்கத்துலன்னு சொன்னா சிரிக்க மாட்டான்.”

பையன் நிற்க வேண்டும், கோடு அவன் உடம்பில் எங்கே வருகிறது என்பதை அவனே பார்க்க வேண்டும். உலகத்தின் பெரிய கலைஞர்கள் பெரும் பணத்தோடு செய்ய முயன்றதைக் கடைக்காரர் ஒரு பேனாவை வைத்துச் செய்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

அந்தப் பெரிய முயற்சிகளையும் சொல்ல வேண்டும். ஓலாஃபுர் எலியாசன் என்ற டேனிஷ்-ஐஸ்லாந்துக் கலைஞர், மினிக் ரோசிங் என்ற நிலவியலாளரோடு சேர்ந்து, கிரீன்லாந்தின் நூக் பகுதிக் கடற்கழியில் பெரும்பனியிலிருந்து உடைந்து மிதந்த பாளங்களைக் கப்பலேற்றினார். 2014இல் கோபன்ஹேகனிலும், பாரிஸ் பருவநிலை மாநாடு நடந்த 2015 டிசம்பரில் அந்நகரின் பாந்தியோன் சதுக்கத்திலும் பன்னிரண்டு பாளங்களை வட்டமாக, ஒரு கடிகாரத்தின் எண்கள் இருக்கும் இடங்களில் வைத்தார். 2018 டிசம்பரில் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் முன்னால் இருபத்துநான்கு பாளங்கள். ‘ஐஸ் வாட்ச்’ என்று அதற்குப் பெயர். மக்கள் பனியைக் கட்டிப்பிடித்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். பல்லாயிரம் ஆண்டுக்கு முன் அடைபட்ட காற்று, பனி கரையக் கரையச் சின்னச் சத்தத்தோடு வெடித்து வெளியே வரும். படங்களில் பார்க்கும்போதே நெஞ்சு கனக்கிற காரியம் அது. ஆனால் அதைச் சிகாமட் கடைத்தெருவில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? பிள்ளைகள் ஓடிவருவார்கள், ஒரு மணி நேரம் குளிர்ச்சியாக இருக்கும். கிரீன்லாந்துக்கும் இந்தக் கதவு நிலைக்கும் என்ன தொடர்பு என்பதை யாராவது ஒலிபெருக்கி வைத்துத்தான் விளக்க வேண்டியிருக்கும்.

ஈவ் மோஷர் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. 2007இல் நியூயார்க்கின் புரூக்ளினிலும் மன்ஹாட்டனின் தென்முனையிலும், கடல் மட்டத்துக்குப் பத்தடி மேலே வரும் இடங்களையெல்லாம் நிலவரைபடத்தில் குறித்துக்கொண்டு, பேஸ்பால் மைதானத்தில் கோடு போடும் வண்டியில் நீலச் சுண்ணத்தூளை நிரப்பி, தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு நடந்தார். கிட்டத்தட்ட 70 மைல் நீளத்துக்கு அவர் கோடு போட்டார். கடை வாசல், பூங்கா, நடைபாதை, யார் வீட்டு முன்கட்டு என்று அது பாகுபாடு பார்க்கவில்லை. பெரும் புயல் வந்தால் வெள்ளம் எதுவரை வரும், புவி சூடாவதால் அந்த வெள்ளம் எவ்வளவு அடிக்கடி வரும் என்பதே கோட்டின் செய்தி. வழியில் போகிறவர்கள் நின்று, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் நின்று பதில் சொன்னார். அந்தப் பேச்சும் அந்தப் படைப்பில் சேர்த்தி. சுண்ணக் கோடு அடுத்த மழையில் கரைந்துபோனது. ஐந்தாண்டு கழித்து, 2012 அக்டோபரில் சேண்டி புயல் அந்த நகரத்துக்குள் கடலை ஏற்றியபோது, அவர் கோடு காட்டிய பகுதிகளில் பல தண்ணீருக்குள் இருந்தன.

மோஷரின் கோட்டுக்கும் கடைக்காரரின் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித்தான் சிகாமட்டில் நடந்த நேரமெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் போட்டது வந்த தண்ணீருக்கு. மோஷர் போட்டது வரப்போகும் தண்ணீருக்கு. வந்த தண்ணீரின் கோட்டைப் பார்த்தால் மனிதருக்கு ஒருவகை நிம்மதி வருகிறது: இவ்வளவுதானே, இதற்கு மேல் வராது, இதற்கு மேல் பரண் கட்டினால் போதும். சிகாமட்டில் நான் பேசிய பலரும் மின்செருகிகளை 2006இன் கோட்டுக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள், குளிர்பெட்டிக்குக் கீழே செங்கல் மேடை கட்டியிருக்கிறார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் அந்த உயரம் பழைய மழையை வைத்துக் கணக்கிட்டது.

மழை மாறிக்கொண்டிருக்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், அது சுமக்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த இயற்பியல். சுமந்த ஈரத்தைக் காற்று கொட்டும்போது ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டும். 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பெய்ததை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அங்கே பல ஊர்களில் ஓராண்டு முழுக்கச் சேர்ந்தால்கூட அவ்வளவு பெய்வதில்லை. அப்படி ஒரு நாள் சிகாமட்டுக்கு வந்தால், கடைக்காரரின் மூன்று கோடுகளும் சேர்ந்து கீழே போய்விடும். கலையிலிருந்து நான் எதிர்பார்ப்பது அந்த நான்காவது கோட்டை. இன்னும் வராத தண்ணீரின் கோட்டை.

ஸ்காட்லாந்தின் மேற்கே நார்த் யூயிஸ்ட் என்ற தீவில், லாக்மேடி என்ற சிற்றூரில் 2018இல் அதைச் செய்துகாட்டினார்கள். பெக்கா நிட்டிவிர்த்தா, திமோ ஆஹோ என்ற இரண்டு ஃபின்லாந்துக் கலைஞர்கள் அங்குள்ள அருங்காட்சியகச் சுவரிலும் அதைச் சுற்றியும் வெள்ளை விளக்குக் கோடுகளைப் பொருத்தினார்கள். கடல் ஏற்றத்தை உணர்கருவிகள் கவனித்துக்கொண்டிருக்கும். ஏற்றம் உச்சத்தைத் தொடும்போது விளக்குகள் எரியும், வருங்காலக் கடல்மட்டம் சுவரில் எங்கே வரும் என்று காட்டும். ஒரு நீண்ட வெண்கோடு வீட்டுச் சுவரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டடத்தை அன்றாடம் பார்க்கிற ஊர்க்காரருக்கு வேறெதுவும் சொல்லத் தேவையில்லை.

நம் பக்கத்திலேயே, மலாக்கா நீரிணைக்கு அந்தப் புறம், இன்னொரு பெரிய படைப்பு உண்டு. பினாங்கில் 2012இல் சைக்கிளில் போகும் பிள்ளைகளைச் சுவரில் வரைந்து பெயர்பெற்ற எர்னஸ்ட் ஸகாரெவிச்தான் அதைச் செய்தவர். 2018இல் சுமத்ராவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மரங்களை வெட்டியெடுத்து, அரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு ‘எஸ்ஓஎஸ்’ என்ற எழுத்துகளை உருவாக்கினார். காட்டுக்கு ஆபத்து, உதவிக்கு வாருங்கள் என்ற குரல். அந்த நிலத்தை மறுபடி காடாக்கும் வேலையில் சுமத்ரா ஒராங் உத்தான் சங்கம் இருக்கிறது. படம் பார்த்தபோது நான் அசந்துபோனேன். இரண்டு தலைமுறையாகச் செம்பனைக்குள் வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. அந்த மரங்களையே எழுத்தாக்க முடியும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! ஆனாலும் அது வானத்திலிருந்து பார்க்க வேண்டிய எழுத்து. குலை வெட்டிக்கொண்டு கீழே நிற்கிறவருக்கு அது வெறும் வெட்டவெளியாகத்தான் தெரியும். தோட்டத்து மனிதர்களின் கண் உயரத்தில் நிற்கிற ஒன்றை யாராவது செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

பூலோ காசாப்பைத் தாண்டிப் போனபோது பத்து ஆனாம் பக்கம் ஒரு தாமானில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். வாசலில் துளசி, பக்கவாட்டில் ஒரே ஒரு டுரியான் மரம். பருவநிலை என்று நான் பேச்செடுத்ததும் அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசினார். மழை பெய்தால் மரம் சீவ முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காமல் பட்டையெல்லாம் வழிந்து ஓடிவிடும், பால் பிடிக்கும் மங்கில் விழுந்த பாலும் மழைநீரோடு போய்விடும். ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, வானத்தைப் பார்த்து, வெறுங்கையோடு திரும்புவார்கள்.

“மழ நாளுன்னா சம்பளம் இல்லாத நாளு. அதனால எந்த மாசம் எத்தன நாளு பேஞ்சுச்சுன்னு நான் மறக்க மாட்டேன் அய்யா. இப்ப பெய்யிறது அந்த மழ இல்ல. அப்பல்லாம் நாளு பூரா தூறும். இப்ப ரெண்டு மணி நேரம் அடிச்சு ஊத்திட்டு, ஒரு வாரம் வெயிலு கொல்லுது.”

டுரியான் மரத்தைக் காட்டினார். சில வாரம் தொடர்ந்து காய்ந்தால்தான் டுரியான் பூக்கும். பூத்த பிறகு பெருமழை அடித்தால் பூவெல்லாம் கொட்டிவிடும். சிகாமட் டுரியானுக்குப் பேர்போன வட்டாரம். பழக்காலத்தில் சாலையோரமெல்லாம் கொட்டகை போட்டு விற்பார்கள். போன பருவத்தில் தன் மரத்தில் பூத்ததில் முக்கால்வாசி தரையில்தான் கிடந்தது என்றார். அவர் நினைவில் இருப்பது மழையின் ஒரு முழு வரலாறு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்று என்னை விடவில்லை. எஸ்டேட்டில் இருந்தபோது அவர்களுடைய லயம் மேட்டில் இருந்ததாம். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, இந்தத் தாமானுக்கு வந்த பிறகுதான் வாழ்க்கையில் முதல்முறையாக வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீரைப் பார்த்திருக்கிறார். வெள்ளக் கோட்டில் யார் எந்த உயரத்தில் இருக்கிறார்கள் என்பது, யாருக்கு எந்த நிலம் கிடைத்தது என்ற கதையும்தான். மலேசியத் தமிழர்களாகிய நாம் இதை இன்னும் சரியாகப் பேசத் தொடங்கவில்லை.

தண்ணீரை அளக்கப் பொது இடத்தில் ஒன்றை நிறுத்தி வைப்பது புதுப் பழக்கம் அல்ல. கிளந்தானில் கோல கிராய் ஊரில் ஆற்றுக்குள் இறங்கும் பிராட்லி படிக்கட்டு இருக்கிறது. காலனி ஆட்சிக் கால அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கியது. மழைக்காலத்தில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று பார்க்க ஊரே அங்கே கூடும். திருநெல்வேலியில் தாமிரபரணிக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலும் அப்படித்தான். வெள்ளம் வரும் என்று தெரிந்தே கட்டிய கோயில். நீர் ஏறினால் உற்சவரை மேட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். கோயில் எதுவரை மூழ்கியிருக்கிறது என்பதை வைத்து, கீழே இருக்கும் ஊர்கள் தங்களுக்கு என்ன வரப்போகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். ஜப்பானில் அனெயோஷி என்ற மலையோரச் சிற்றூரில், 1933 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒரு கல்லை நட்டார்கள். இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்பது அதில் உள்ள செய்தி. ஊரார் கேட்டார்கள். 2011இல் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது, மேலே இருந்த வீடுகள் தப்பின. அதே ஜப்பானில் இன்று பல நகரங்களின் மின்கம்பங்களில், ஆறு உடைத்துக்கொண்டால் இந்த இடத்தில் இத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கும் என்று குறித்த பலகைகளை அரசே மாட்டி வைத்திருக்கிறது. கலைஞர் கையெழுத்து அதில் இல்லை. எனக்கு அது பாந்தியோன் சதுக்கத்துப் பனிக்கு இணையான படைப்பு. அதன் கீழே நின்றுதான் பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள்.

தமிழகத்திலும் முயற்சி நடக்காமல் இல்லை. சென்னையின் ஆறுகளை நகரத்தாரின் கண்ணுக்குக் கொண்டுவர, கேத்தே நிறுவனம் முன்னின்ற ‘எம்பிரேஸ் அவர் ரிவர்ஸ்’ திட்டத்தில் 2018இல் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அது நடந்தது லலித் கலா அகாதமி வளாகத்தில். நல்ல முயற்சிதான். ஆனால் ஆற்றைப் பற்றிய கலை ஆற்றங்கரையிலேயே நிற்கும்போதுதான், கலை பார்க்கவென்று கிளம்பாதவர்களும் அதன் முன்னால் வந்து நிற்பார்கள்.

சிகாமட்டுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. இது அளந்து பழகிய ஊர். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் நடத்தும் ‘சியாக்கோ’ என்ற ஆய்வுமையம் 2011 முதல் சிகாமட் மாவட்டத்தில் முக்கிம் எனப்படும் ஐந்து உட்பிரிவுகளில் வீடுவீடாகப் போய் இரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்ப விவரம் என்று மக்களின் உடல்நலத்தை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து வருகிறது. தமிழர், மலாய்க்காரர், சீனர், பூர்வகுடியினர் எல்லாரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். கையில் படிவத்தோடு வருகிறவரைக் கண்டு கதவைச் சாத்தாத ஊரில், உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுக் குறிப்பது கடினமான வேலை அல்ல. வடிகால் துறையிடம் ஆற்றின் பழைய அளவுகள் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து, கூடப்போகும் மழையைக் கணக்கில் சேர்த்தால், மேல் கோட்டைத் தெருவாரியாகப் போட்டுவிடலாம்.

எங்கே போடுவது என்பதையும் நடந்து நடந்து மனதில் குறித்துக்கொண்டேன். கடைத்தெருவின் அஞ்சடித் தூண்களில் ஒன்று விட்டு ஒன்றில் போடலாம். கோயில் மண்டபத் தூணில், பள்ளிவாசல் மதிலில், சீனக் கோயில் முகப்பில், சம்மதம் கேட்டுப் போடலாம். முக்கியமாகப் பள்ளிக்கூடச் சுவர்களில். வந்த தண்ணீருக்குப் பழுப்பு, வரப்போவதற்கு நீலம். பக்கத்தில் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் எழுத்து. கோடு போடும் வேலையை மாணவர்களிடமே விட்டுவிட வேண்டும், மோஷரைப் போல அவர்கள் நின்று பதில் சொல்ல வேண்டும். தன் தலைக்கு மேலே ஒரு நீலக் கோட்டைத் தானே தீட்டிய பத்து வயதுப் பிள்ளைக்குப் பருவநிலை மாற்றம் என்பது பாடப்புத்தகத்தில் வெள்ளைக் கரடியின் படமாக இருக்காது.

கிளம்பும் முன் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். முதலில் அவர் சொன்னது விலையைப் பற்றி. வாசலில் அப்படி ஒரு கோட்டைப் போட்டால் கடையை யார் வாங்குவார்கள், வங்கி என்ன மதிப்புப் போடும்? நியாயமான பயம் அது. ஆயுள் முழுக்க உழைத்து வாங்கிய ஒரே சொத்தின் முகத்தில் எழுதுகிற விஷயம். தெரு முழுக்கக் கோடு இருந்தால், ஒரு கடைக்கு மட்டும் கெட்ட பெயர் வராது என்றேன். அந்தக் கோட்டைக் காட்டித்தான் ஆற்றங்கரைத் தடுப்பையும் நல்ல வடிகாலையும் கேட்க முடியும் என்றேன். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மூட்டையைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, மறுபடியும் அந்தக் கதவு நிலையைப் பார்த்தார்.

“தம்பி, நீங்க கோடு போடுறதா இருந்தா, அதுல உயரத்த மட்டும் போடாதீங்க. பாலத்துல மஞ்சளுக்கு ஏறுனதுல இருந்து என் வாசலுக்குத் தண்ணி வர எத்தன மணி நேரம் ஆகும்? அதையும் போடுங்க. அரிசி மூட்டைய மேல ஏத்த எனக்கு மூணு மணி நேரம் வேணும். இப்ப முன்ன மாதிரி தூக்க முடியல. ஆளு வேற கூப்பிடணும்.”

கலைஞர்கள் யாரும் கோட்டோடு நேரத்தைச் சேர்த்து எழுதியதாக நான் படித்ததில்லை. என் குறிப்பேட்டில் நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘மணி’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அந்தக் கட்டத்தில் எழுத வேண்டிய எண் தெருவுக்குத் தெரு மாறும். ஆற்றை ஒட்டிய கம்போங்குக்கு ஓர் எண், கடைத்தெருவுக்கு வேறொன்று, பாட்டியின் தாமானுக்கு இன்னொன்று. ஆற்று மட்டத்தை அளக்கும் நிலையங்கள் சிகாமட் பட்டணத்திலும் பூலோ காசாப்பிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த எண்களைக் கணக்கிட வேண்டிய வேலை மட்டும்தான் மிச்சம்.